"இனிமே அவ ஓட வேணாங்க டீச்சர்"

போன வருடம் ஆடி முடிந்த வாரம். மைதானத்து ஓரத்தில் இருக்கும் புங்க மரத்தடியில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மஞ்சள் பை, காலில் சேறு. கழனியிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் இரண்டு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. காரணம் எனக்கு முன்பே தெரியும். பெண்பிள்ளைகள் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை.

"திங்கக்கிழமையிலிருந்து அனுப்பறேங்க. ஆனா விளையாட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. வயசுக்கு வந்துட்டா. இனிமே அவ ஓட வேணாங்க டீச்சர். ஏற்கெனவே ஒரு தடவை கை ஒடிஞ்சது. மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?"

பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு அரசுப் பள்ளியில் பதினேழு வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பேச்சை எத்தனை அம்மாக்கள், எத்தனை பாட்டிகள் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்று அந்த மரத்தடியில் பத்து நிமிடம்தான் பேச முடிந்தது. மணி அடித்துவிட்டது. சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு ஏதாவது ஊரில் வேறு ஏதாவது அம்மா படிக்கலாம்.

முதலில் அந்தக் கை ஒடிந்த கதை. அந்த அம்மாவின் பயம் அங்கிருந்துதான் வருகிறது. அது நியாயமான பயமும்கூட.

பிள்ளை ஏழாம் வகுப்பில் இருந்தபோது கோ-கோ விளையாட்டில் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது சறுக்கி விழுந்தாள். கையை ஊன்றினாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு விட்டுவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஐந்து வாரத்தில் சரியானது. பார்க்கப் போனால் பெரிய விழுதல் இல்லை. அதே வேகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தினம் விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். "எலும்பு ரொம்ப வீக்கு போலிருக்கு" என்று அன்றே அந்த அம்மா முடிவு செய்துவிட்டார்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஜூனிலும் ஜனவரியிலும் எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து எழுதுவேன். அதைப் பிரித்து அந்த அம்மாவுக்குக் காட்டினேன். ஆறாம் வகுப்பு ஜூனில் 138 சென்டிமீட்டர். ஏழாம் வகுப்பு ஜூனில் 145. ஒரே வருடத்தில் ஏழு சென்டிமீட்டர். கை ஒடிந்தது அதற்கடுத்த மாதம்.

பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் மளமளவென்று உயர்வார்கள். எலும்பு முதலில் நீளும். அதற்குள்ளே கால்சியம் ஏறி அது கெட்டிப்படுவது அதற்குப் பிறகுதான், ஏறக்குறைய ஆறு மாதமோ ஒரு வருடமோ பிந்தித்தான் நடக்கும். அந்த இடைவெளியில் எலும்பு கொஞ்சம் இளசாகத்தான் இருக்கும். இந்த வயதில் மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிவது உலகம் முழுக்க அதிகம். அது நோய் இல்லை.

அந்த அம்மாவிடம் இதை இப்படிச் சொன்னால் எப்படிப் புரியும்? அவர் கேழ்வரகு போடுகிறவர். அதையே கேட்டேன். "தட்டை வளந்து கதிர் வெளியே வந்துடுச்சு, இன்னும் பால் பிடிக்கலை. அந்த நேரத்துல காத்தடிச்சா சாயுது. சாயுதேன்னு தண்ணி கட்டறதை நிறுத்துவீங்களா?"

"அப்பத்தானுங்க தண்ணி வேணும். இல்லைன்னா கதிர் பூரா பதராப் போயிடும்."

அதைத்தான் சொல்ல வந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டிய இரண்டே வருடத்தில், ஒரு பெண்ணின் எலும்பில் ஆயுசுக்கும் சேரும் தாதுச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பதினெட்டு வயதுக்குள் தொண்ணூறு சதவீதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சேர்வது கொஞ்சம்தான். மாதவிலக்கு நின்ற பிறகு வேகமாகக் கரையும். எழுபது வயதில் இடுப்பெலும்பு ஒடியுமா ஒடியாதா என்பதில் ஒரு பங்கு, எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே தீர்மானமாகிறது. சரியாக அந்த வருடத்தில்தான் பிள்ளையை "ஓடாதே" என்று சொல்லி உட்கார வைக்கிறோம்.

எலும்புக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தசை வளரும் என்றால் நம்புகிறார்கள், எலும்பு என்றால் நம்புவதில்லை. எலும்பு கல் இல்லை, உயிருள்ளது. அதன் மேல் அடி விழுந்தால், அந்த அடியைத் தாங்கும் அளவுக்குத் தன்னைத் தடிமனாக்கிக்கொள்ளும். நான் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்த காலத்தில் வகுப்பில் சொன்ன ஒரு உதாரணம் இன்னும் மறக்கவில்லை. டென்னிஸ் ஆடும் பெண்களின் இரண்டு கை எலும்புகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மட்டை பிடிக்கும் கையில் எலும்பு அதிகக் கெட்டி. அதிலும், வயதுக்கு வருவதற்கு முன்பே ஆட ஆரம்பித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு. அடி வாங்கிய கையில் மட்டும் எலும்பு ஏறியிருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதனால் எல்லா விளையாட்டும் எலும்புக்கு ஒன்றில்லை. தாண்டுவது, குதிப்பது, சட்டென்று திரும்புவது, தரையில் பாதம் அடித்து எழுவது, இவைதான் வேண்டும். கோ-கோ, கபடி, கைப்பந்து, பாண்டி எல்லாமே நல்லது. சைக்கிள் ஓட்டுவது மூச்சுக்கும் தொடைக்கும் நல்லது, ஆனால் எலும்பில் அடி விழுவதில்லை. நீச்சலும் அப்படித்தான். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் சேர்த்து நான் வைத்திருப்பது ஸ்கிப்பிங். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கயிறு எங்கள் மண்ணில் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். மாட்டுக்குப் போடும் பழைய தாம்புக் கயிற்றைக் கொண்டுவரச் சொல்வேன். கனமாக இருக்கும், சுழற்றினால் நல்ல வேகம் வரும். பிரேயருக்கு முன் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் குதிப்பதைவிட இப்படி இடைவெளி விட்டுக் குதிப்பதுதான் எலும்புக்கு அதிகம் உறைக்கும். எலும்புச் செல்கள் கொஞ்ச நேரத்தில் அந்த அடிக்குப் பழகிப்போய்விடும். சில மணி நேரம் விட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும்.

விலக்கு நாட்களில் ஆடலாமா? பிள்ளைக்கு முடிந்தால் ஆடலாம், வயிறு வலித்தால் உட்காரலாம். அவ்வளவுதான். அம்மாக்கள் உண்மையில் பயப்படுவது எலும்புக்கோ கர்ப்பப்பைக்கோ இல்லை. துணி கறைபட்டு நாலு பேர் முன்னால் பிள்ளை குன்றிப்போவாளே என்றுதான். அது எனக்கும் தெரிந்த பயம். அதற்குக் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும், நாப்கின் கையிருப்பில் இருக்க வேண்டும். அரசு தரும் இலவச நாப்கின் பாக்கெட்டுகளில் இரண்டு எப்போதும் என் மேசை டிராயரில் இருக்கும். கேட்கக் கூச்சப்பட்டால் டிராயரைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

நான் 1993இல் வயதுக்கு வந்தேன். பச்சை ஓலைக் குடிசை கட்டி உட்கார வைத்தார்கள். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "இடுப்புக்கு வேணும்டி, முழுங்கு" என்று ஊட்டினார். அந்தக் கிழவிக்குக் கால்சியம் என்ற சொல் தெரியாது. ஆனால் பெண்பிள்ளையின் இடுப்பெலும்புக்கு இந்தச் சமயத்தில் ஏதோ சேர வேண்டும் என்பது தெரிந்திருந்தது. என் வருத்தம் ஒன்றுதான். அந்தப் பதினாறு நாளோடு அது முடிந்துவிடுகிறது. பதினேழாம் நாள் பிள்ளை மறுபடியும் ரசம் சோற்றுக்கு வந்துவிடுகிறாள். களி நின்றுவிடும், ஓட்டமும் நின்றுவிடும்.

என்னையும் ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசியதால்தான் மறுபடி மைதானத்தில் கால் வைத்தேன்.

இனி சாப்பாடு. தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கால்சியம் குறைவு என்று சொல்வதற்கே எனக்கு மனசு வலிக்கிறது. கேழ்வரகு விளையும் மண் இது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் தேறுவதே பெரிது. பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் வேண்டும், பதின்மூன்று முதல் பதினைந்து வயதில் 1000 வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அரிசியை மட்டும் தின்று அந்தக் கணக்கை எப்படி எட்டுவது?

எங்கள் வீட்டில் இரவு களிதான். குண்டானில் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி நொய்யைப் போட்டு வேகவிட்டு, மாவை நடுவில் குவித்துக் கொட்டி, களிக்கோலால் ஒரு குழி போட்டு மூடிவிடுவோம். மாவு அந்தக் குழி வழியாகக் கொப்புளித்து வெந்துகொண்டே இருக்கும். பிறகு இறக்கி வைத்து, குண்டானைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். கட்டி இல்லாமல், கோலில் ஒட்டாமல் திரண்டு வரும் வரை விடக் கூடாது. தோள்பட்டை கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு உருட்டித் தட்டில் வைத்தால் மேலே பளபளவென்று இருக்கும். அதில் குழி பறித்துப் பச்சை மொச்சைக் குழம்போ, கொள்ளுக் கடைசலோ, கீரையோ ஊற்றிக்கொண்டால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இப்போது பிள்ளைகளைக் கேட்டால், "வாரத்துக்கு ஒரு நாள் மிஸ்" என்கிறார்கள். சில பேர், "தாத்தாவுக்கு மட்டும் செய்வாங்க" என்கிறார்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, அம்மாவுக்கும் கிண்ட நேரமில்லை. 2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் வாங்கியதைக் கோழிக்குப் போட்டேன் என்று ஒரு பிள்ளையின் அம்மா சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இன்னொரு பேச்சும் உண்டு: களி தின்றால் கறுத்துப் போவாள் என்று. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை நம்பித் தட்டைத் தள்ளிவிடுகிறாள். தின்கிற தானியத்தின் நிறம் தோலுக்கு வராது, கண்ணு. உன் பாட்டியைப் பார். எண்பது வயதில் விறகுக் கட்டு தூக்குகிறார்.

கேழ்வரகில் இருப்பது அத்தனையும் உடம்பில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். முளை கட்டினாலோ, மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழாகக் காய்ச்சினாலோ அந்தப் பிடி தளரும். நம் கிழவிகள் கூழுக்கு மாவைப் புளிக்க வைத்தது சும்மா இல்லை.

பால் விஷயம்தான் என்னை அதிகம் வருத்துவது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கறவை மாடு இருக்கிறது. விடியற்காலை கறந்து, கேனோடு சொசைட்டிக்குப் போய்விடும். பிள்ளை குடிப்பது வர டீ. மாட்டுக்குப் புல் அறுப்பது, தண்ணி காட்டுவது எல்லாம் அவள்தான், அந்தப் பாலில் ஒரு டம்ளர் அவளுக்கு இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பால் பணத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. ஆனால் ஒரு டம்ளர் என்பது 200 மில்லி. அதில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம். கேனில் ஊற்றுவதற்கு முன் அந்த ஒரு டம்ளரை எடுத்து வையுங்கள் என்றுதான் பெற்றோர் கூட்டத்தில் கும்பிட்டுக் கேட்கிறேன்.

பால் இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. கொல்லையில் முருங்கை நிற்கிறது. எள்ளைத் தோலோடு வறுத்து வெல்லம் போட்டு இடித்தால் உருண்டை. கொள்ளு இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்னலாம். சத்துணவில் வரும் முட்டையை வேண்டாமென்று பக்கத்துப் பிள்ளைக்குத் தள்ளுகிறவளை நான் விடமாட்டேன்; எலும்பில் சுண்ணாம்பு ஏறுவதற்குப் புரதத்தால் ஆன சட்டகம் வேண்டும். இத்தனை இருந்தும் என் பிள்ளைகள் இடைவேளையில் வாங்குவது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். அதிலுள்ள உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும்.

கால்சியம் மாத்திரை கொடுத்துவிடலாமே என்று படித்த பெற்றோர் கேட்கிறார்கள். மருத்துவர் சொன்னால் கொடுங்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு மாத்திரையால் எலும்பில் ஏறுவது சொற்பம். களிக்கும் கயிற்றுக்கும் அது ஈடு இல்லை.

எங்கள் ஊர் எலும்பைப் பற்றிப் பேசிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. என் முன் பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கும். சிரிக்கும்போது கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் கல்லூரி வரை இருந்தது. ஃபுளோரைடு. எங்கள் கிராமத்துப் போர்த் தண்ணீர் முழுக்க அந்த உப்புதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வருடக்கணக்கில் அதற்கு மேல் உள்ள தண்ணீரைக் குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்பில் போய்ச் சேரும். எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் வலுவிருக்காது. என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முதுகு மடங்காது, கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். களி தின்று வளர்ந்தவர், காடு மேடெல்லாம் நடந்தவர், ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தக் கிணற்றையும் போரையும்தான் குடித்தார்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்குக் குழாயில் வந்தது. என் தலைமுறைக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை மட்டும் எடுங்கள். போர்த் தண்ணீர் மாட்டுக்கும் துணிக்கும் போதும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, இன்னும் கெட்டிப்படும். உணவில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் ஏறுவது குறையும்; கால்சியம் இல்லாத பிள்ளையைத்தான் அது கடுமையாகப் பிடிக்கும். வர டீ வேண்டாம் என்று நான் நச்சரிப்பதற்கும் இது ஒரு காரணம். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு.

வெயில் இன்னொன்று. தோலில் வெயில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும், அது இல்லாமல் தின்ற கால்சியம் குடலிலிருந்து சரியாக ஏறாது. காலை ஏழு மணி இளவெயில் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாது. சூரியன் உச்சிக்கு வரும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான் அதற்கு வேண்டிய கதிர் அதிகமாகத் தரைக்கு இறங்குகிறது. நம் தோல் நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும். அதனால் சித்திரை, வைகாசி தவிர மற்ற மாதங்களில் எட்டாம் வகுப்பு விளையாட்டு பீரியடை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டேன். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு வருகிறவர்களிடம், முகத்தை மூடிக்கோ, கை காலை விடு என்பேன்.

நன்றாக ஆடுகிற பிள்ளைகளைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. இரண்டு வருடம் முன்பு என் கபடி அணியில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. குறுவட்டப் போட்டிக்கு எடைப் பிரிவில் நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். நாலு மாதமாக விலக்கு வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஓடும் அளவுக்குத் தின்னாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். விலக்கை வரவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தால் எலும்பு கரையும், எவ்வளவு ஓடினாலும். அவளை ஆறு வாரம் ஆட விடாமல், அவள் அம்மாவிடம் சொல்லிச் சாப்பிட வைத்து, மருத்துவரிடமும் காட்டினோம். விலக்கு திரும்பி வந்த அன்று எனக்கு நிம்மதி.

பதினாறு வயதில் கல்யாணம் செய்து வைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இது இன்னும் நிற்கவில்லை. தன் எலும்பே இன்னும் நிறையாத பிள்ளை, வயிற்றுப் பிள்ளையின் எலும்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாகிறது. தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டிருக்கிறேன்.

சரி, அந்த அம்மா. நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்க அப்பாவைக் கேக்கணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் அந்தப் பிள்ளை விளையாட்டு பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பையிலிருந்து ஒரு தாம்புக் கயிற்றை எடுத்தாள். கூடவே அவள் பாட்டி. பேத்தியை ஓட விட்டால் தானும் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டாராம்.

இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். புங்க மரத்தடியில் வெற்றிலைப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். பிள்ளை குதிக்க ஆரம்பித்ததும், "ஒந்து, எரடு, மூரு" என்று சத்தமாக எண்ணுவார். இருபது தாண்டியதும் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி ஒந்திலிருந்து ஆரம்பிப்பார். அதனால் அவள் நேற்று எத்தனை தாண்டினாள் என்று எங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியாது. ஜூனில் அளந்தபோது உயரம் 154.